சுவரும் மரமும் சேரும் இடம்: இராமநாதபுரம் கடற்கரையின் பழைய கட்டடங்களைக் கட்டிய கைகளைக் கண்டறியும் முறை

சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தைக் கட்டியவர்கள் யார் என்ற கேள்விக்கு உடனே விடை சொல்லிவிடலாம். ஹென்றி இர்வின் வரைந்த வடிவத்தைத் தென்னிந்திய ரயில்வேயின் கட்டடக் கலைஞர் இ. சி. பேர்ட் முழுமையாக்கினார், பெங்களூரைச் சேர்ந்த ஒப்பந்தக்காரர் சாமிநாத பிள்ளை கட்டி முடித்தார், 1908 ஜூன் 11 அன்று நிலையம் திறக்கப்பட்டது. இர்வினும் நம்பெருமாள் செட்டியும் இணைந்து 1909இல் எழுப்பிய விக்டோரியா நினைவு மண்டபத்துக்கும் அப்படியே: வரைந்தவர் ஒருவர், கட்டியவர் ஒருவர், இருவரின் பெயரும் நிலைத்திருக்கிறது. அதே ரயில்வேயின் தண்டவாளம் தெற்கே ஓடி முடிந்த தனுஷ்கோடியில், 1964 டிசம்பர் புயலுக்குப் பின் எஞ்சி நிற்கும் தேவாலயச் சுவரைக் கட்டிய கொத்தனாருக்கும், அதன் கூரைக்கு மரம் இழைத்த ஆசாரிக்கும் அப்படிப் பெயர் நிலைக்கவில்லை.

பெயர் நிலைக்கவில்லை என்பதால் கூட்டு இல்லை என்று ஆகிவிடாது. இந்தக் கடற்கரையில் 1900 முதல் 1940 வரை எழுந்த வீடுகளும் பள்ளிவாசல்களும் சரக்கு வைக்கும் கிட்டங்கிகளும் பெரும்பாலும் ஒரு கொத்தனார் குழுவும் ஒரு ஆசாரி குழுவும் சேர்ந்து செய்தவை. ஒரு வீட்டில் நன்றாகச் சேர்ந்து வேலை செய்தவர்களை அடுத்த வீட்டுக்காரரும் சேர்த்தே அழைத்தார். ஆகையால் பெயர்ப் பலகை இல்லாத இடத்திலும் அந்த இணையை அடையாளம் காண முடியும். அதற்கான தடயம் சுவரும் மரமும் சேரும் இடத்தில் இருக்கிறது. அதைப் படிப்பது எப்படி, அளப்பது எப்படி, எழுதி வைப்பது எப்படி என்று, இந்த வேலையில் பல வீடுகளின் திண்ணையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். பொறியியல் படித்தவர்களுக்கு மட்டுமான வேலை அன்று இது. தன் பாட்டி வீட்டைப் பற்றி எழுத விரும்பும் எவரும் செய்யலாம்.

முதலில் காகிதம்

வீட்டுக்குப் போவதற்கு முன்பே அதன் காகிதங்களைத் தேடத் தொடங்குவது நல்லது, ஏனெனில் அவை வர நாளாகும். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று நூறாண்டு பழைய வீட்டின் தொடக்கம் வரை போகாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய புத்தகங்களைத் தேடித் தரும்படி தனியாக மனுச் செய்ய வேண்டும். இந்த வட்டாரத்தின் பெரும்பகுதி இராமநாதபுரம் ஜமீனுக்கு உட்பட்டிருந்தது. நிலம் வைத்திருப்பவருக்கு அரசே நேரடியாகப் பட்டா கொடுக்கும் ரயத்துவாரி முறை 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் இங்கே பரவலாக வந்தது. ஆகவே 1915இல் கட்டிய வீட்டுக்கு அந்தக் காலத்துப் பட்டா இல்லை என்று யாரும் மனம் தளர வேண்டாம். விற்பனைப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், சமஸ்தானத்துக்குத் தீர்வை கட்டிய ரசீது ஆகிய மூன்றில் ஒன்றாவது பெரும்பாலும் வீட்டுப் பெட்டியில் இருக்கும்.

இராமநாதபுரம் மாவட்டம் 1910இல் உருவானபோதும் அதன் தலைமை அலுவலகம் நெடுங்காலம் மதுரையிலேயே இயங்கியது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மாவட்ட அளவிலான பழைய கோப்பைத் தேடுபவர் மதுரையையும், எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் மறந்துவிடக் கூடாது.

கீழக்கரை வீடுகளுக்கு ஒரு தனிக் குறிப்பு உண்டு. அங்கே முஸ்லிம் குடும்பங்களில் திருமணத்தின்போது வீட்டைப் பெண்மக்களுக்குக் கொடுப்பதும், மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து தங்குவதும் நெடுநாள் வழக்கம். எனவே கொழும்பில் வாணிபம் செய்த மரைக்காயரின் பெயரில் மட்டும் பத்திரத்தைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். அவர் மகளின் பெயரிலும், மகளின் மகள் பெயரிலும் தேட வேண்டும். எனக்கு ஒரு வீட்டின் காகிதம் கைக்கு வர நான்கு மாதம் ஆனதற்கு, இதை முன்பே தெரிந்துகொள்ளாததுதான் காரணம்.

எப்போது போவது, எதை எடுத்துக்கொண்டு போவது

வடகிழக்குப் பருவமழை முடிந்து தை பிறந்த பிறகு போவதே நல்லது. ஐப்பசி கார்த்திகையில் சுவர் முழுவதும் ஈரமாக இருக்கும்போது பூச்சின் நிறம் மாறித் தெரியும், பழையதும் புதியதும் ஒன்றுபோலக் காட்டும். ஆனால் ஓதம், அதாவது தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம், எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதைப் பார்க்க மட்டும் மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அந்தக் கோடு பின்னால் மிகவும் பயன்படும்.

முப்பது மீட்டர் டேப், தூக்குக்குண்டு, ரசமட்டம், கட்டம் போட்ட தாள், பென்சில், நல்ல டார்ச் விளக்கு, மின்கம்பி வேலைக்கு வாங்கும் ஈயக்கம்பி ஒரு சுருள். இவ்வளவு போதும். ஈயக்கம்பியை எடுத்துப்போக மறந்தவர்கள் பலர். இந்தக் குறிப்பில் அதுவே மிக முக்கியமான கருவி. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

வீட்டாரிடம் அனுமதி பெறும்போது எந்தெந்த அறையைப் படம் எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பெண்கள் புழங்கும் உள்கட்டுக்குப் பெண் ஒருவர் உடன் வந்து அளப்பது முறை. முதல் நாளில் எதையும் அளக்காமல், வீட்டை முழுவதும் ஒருமுறை சுற்றிப் பார்த்து, திண்ணை, நடை, முற்றம், தாழ்வாரம், பட்டாசாலை, சமையல்கட்டு என்று வீட்டார் எந்த இடத்தை என்ன பெயரால் அழைக்கிறார்களோ அதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் அந்தப் பெயர்களே வர வேண்டும். ‘ஹால்’ என்று நாம் எழுதினால், மூன்று தலைமுறை அந்த வீட்டில் பேசிய ஒரு சொல் நம் தாளில் இல்லாமல் போகும்.

கொத்தனாரின் கை

இந்தக் கடற்கரையின் பழைய சுவர்களில் பெரும்பகுதி பவளக்கல். கடலடியிலிருந்து வெட்டி எடுத்த கல் ஈரமாக இருக்கும்போது மென்மையாக இருக்கும். கோடாலியால் செதுக்கிச் சதுரமாக்கலாம். காய்ந்த பிறகு இறுகிவிடும். சங்கையும் கிளிஞ்சலையும் பவளத்தையும் சுட்டு நீற்றிய சுண்ணாம்பில் மணல் சேர்த்து அரைத்த காரையே அதைப் பிணைத்தது. தனுஷ்கோடி தேவாலயத்தில் பூச்சு உதிர்ந்த இடத்தில் சுவருக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பாருங்கள். ஒரு கல்லில் தேன்கூடு போல நெருங்கிய சிறு குழிகள் தெரியும். அடுத்த கல்லில் மூளையின் மடிப்புகளைப் போல வளைந்து வளைந்து ஓடும் வரிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒருகாலத்தில் உயிரோடு இருந்த பவளத்தின் வடிவம். இரண்டு கல்லுக்கு நடுவே விரல் அகலத்துக்கு வெள்ளைக் காரை. அதற்குள் பொடியாகாத கிளிஞ்சல் துண்டு ஒன்று நகத்தில் தட்டுப்படும்.

அந்தக் கல்லை எடுத்துச் செல்லாதீர்கள், சிறு துண்டாக இருந்தாலும். 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அந்தப் பூங்காவின் 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கியதற்கு முன்னாளில் பவளப்பாறையை வெட்டி எடுத்ததும் ஒரு காரணம். பழைய சுவரைப் பழுதுபார்க்க, இடிந்த பகுதியின் கல்லையே மீண்டும் பயன்படுத்துவதைத் தவிர வேறு வழி இல்லை.

சுவரில் நீங்கள் குறிக்க வேண்டியவை: சுவரின் கனம், கல்லின் அளவு, மூலைகளில் பவளக்கல்லா செங்கல்லா, காரை நகத்தால் சுரண்டினால் உதிர்கிறதா, அல்லது சாம்பல் நிறத்தில் இறுகிக் கிடக்கிறதா என்பவை. சாம்பல் நிறமாகவும் கல்போலவும் இருந்தால் அது பெரும்பாலும் பிற்காலத்துச் சிமெண்ட். கோயம்புத்தூர் அருகே மதுக்கரை ஆலை 1934இலும், திருநெல்வேலி அருகே தாழையூத்து ஆலை 1949இலும் தொடங்கின. அதற்கு முன் கடற்கரை வீட்டுச் சுவருக்குச் சிமெண்ட் எளிதாகக் கிடைத்திருக்காது. சிமெண்ட் பூச்சு இருக்கும் உயரத்தையும் படத்தில் கோடாகக் காட்டுங்கள். கீழ்ப்பகுதியில் ஓதம் ஏறுகிறது என்று சிமெண்ட் பூசினால், உப்பு நீர் வெளியே வர வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னால் தங்கி, காயும்போது உப்பு படிகமாகிக் கல்லைப் பொடியாக்கும். ஈரமும் பூச்சைத் தாண்டி இன்னும் மேலே ஏறும். வெளியே பளபளப்பாக இருக்கும் அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்தால் உள்ளே பொள்ளலாக ஒலிக்கும். மழைக்காலத்தில் நீங்கள் குறித்த ஓதக் கோட்டையும் இந்தச் சிமெண்ட் கோட்டையும் ஒரே படத்தில் வைத்தால், எங்கே பூச்சை உரித்துச் சுண்ணாம்பு பூச வேண்டும் என்று எந்தக் கொத்தனாருக்கும் புரிந்துவிடும்.

கொத்தனாரின் கையெழுத்து எங்கே இருக்கிறது என்றால், சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஓடும் கார்னிஸில். கார்னிஸை இழுக்க அந்தக் காலத்துக் கொத்தனார் பலகையிலோ தகரத்திலோ ஓர் அச்சு வெட்டி வைத்திருப்பார். ஈரக் காரையின் மேல் அந்த அச்சைச் சுவர் நெடுக இழுத்துக்கொண்டு போனால், மேடும் பள்ளமும் வளைவும் ஒரே சீராக விழும். அந்த அச்சு அவருடைய தொழில் முதல்; அடுத்த வேலைக்கும் அதுவே போகும், பிறகு மகனுக்குப் போகும். ஏணியில் ஏறி, ஈயக்கம்பியைக் கார்னிஸின் குறுக்கே வைத்து மெதுவாக அழுத்தி, அதன் வளைவுகளுக்குள் படிய விடுங்கள். பிறகு கம்பியை வளைவு கெடாமல் எடுத்துத் தாளில் கிடத்தி, பென்சிலால் கோடு போடுங்கள். தாளின் மூலையில் வீடு, அறை, திசை, தேதி. இவ்வளவுதான் வேலை, ஐந்து நிமிடம் ஆகும். பத்து வீட்டில் இதைச் செய்து தாள்களை ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், இரண்டு கோடுகள் அச்சு அசலாகப் பொருந்தும் நேரம் வரும். அந்த நேரத்தில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல முடியாது. இரண்டு தெரு தள்ளி இருந்த இரண்டு வீட்டுக்கு ஒரே கை.

ஆசாரியின் கை

கதவு நிலையில் தொடங்குங்கள். நிலையின் மேற்சட்டம் இருபுறமும் சுவருக்குள் எவ்வளவு நீண்டிருக்கிறது, சட்டத்தின் விளிம்பை ஆசாரி சாய்த்து இழைத்திருக்கிறாரா, உருட்டி இழைத்திருக்கிறாரா, பள்ளம் வாங்கியிருக்கிறாரா என்று பாருங்கள். அந்த விளிம்பையும் ஈயக்கம்பியால் எடுக்கலாம். அவருடைய இழைப்புளியின் வாய் எந்த வடிவமோ, அந்த வடிவமே எல்லா வீட்டிலும் விழும். கொத்தனாருக்குத் தகர அச்சு, ஆசாரிக்கு இழைப்புளி.

விட்டத்தின் முனை சுவரில் உட்காரும் இடத்தில்தான் இருவரும் சந்திக்கிறார்கள். டார்ச் விளக்கை அங்கே பிடித்து நெடுநேரம் பாருங்கள். நல்ல இணை வேலை செய்த இடத்தில் மரத்தின் கீழே ஒரு தட்டைக் கருங்கல் இருக்கும், மரத்தின் முனையில் தார் தடவியிருக்கும், மரத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குக் காற்றுப் போக இடம் விட்டுக் கொத்தனார் காரையை நேர்த்தியாக வளைத்திருப்பார். கல்லில் ஏறும் உப்பு ஈரம் மரத்தை நேரடியாகத் தொடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது. சேராத இடத்தில் மரத்தின் மேலேயே காரையை அப்பியிருப்பார்கள். அங்கே விட்டத்தின் முனை உளுத்திருக்கும். கூரையை ஏந்தும் மரத்தைச் சுற்றிச் சுவரைக் கொத்திய தழும்பு இருந்தால், அந்த மரம் பின்னால் மாற்றப்பட்டது என்று பொருள். கீழக்கரையில் ஒரு வீட்டை நான் அளந்துகொண்டிருந்தபோது, வயது முதிர்ந்த கொத்தனார் ஒருவர் வந்து நின்று பார்த்துவிட்டு, “தம்பி, சுவரைப் பார்க்காதீங்க, மரம் உள்ளே போற வாயைப் பாருங்க, ரெண்டு பேருக்கும் சண்டையா சமாதானமான்னு அது சொல்லிடும்” என்றார். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுதான்.

ஓட்டுக்கூரைக்கு மேலே ஏற முடிந்தால், ஓட்டைத் தாங்கும் சாய்வுச் சட்டங்களான கைமரங்கள் கூடும் பொருத்துகளில் உளியால் வெட்டிய குறிகளைத் தேடுங்கள். மரத்தைக் கீழே வைத்து வெட்டிப் பொருத்திப் பார்த்து, பிறகு மேலே ஏற்றுவதற்காக இட்ட வரிசைக் குறிகள் அவை. சில வீடுகளில் வெறும் கோடுகளாகவும், சிலவற்றில் ௧, ௨, ௩ என்று தமிழ் எண்களாகவும் இருக்கும். மரம் எது என்பதையும் எழுதுங்கள். இராமநாதபுரம் பனங்காட்டுச் சீமை. எளிய வீடுகளில் வயிரம் பாய்ந்த பனையே கைமரம். வசதியான வீடுகளில் பர்மாத் தேக்கு. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது அந்த வரத்து அறுந்துபோனதால், முழுக்கப் பர்மாத் தேக்கால் ஆன கூரையைப் பெரும்பாலும் அந்த ஆண்டுக்கு முன்னே வைக்கலாம்.

மெட்ராஸ் டெரஸ் என்னும் கட்டைக்குத்துத் தளத்தில் இரு கைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகவே கிடக்கும். ஆசாரி மரச்சட்டங்களைச் சுமார் ஒன்றரை அடி இடைவெளியில் அடுக்குவார். கொத்தனார் ஆறு அங்குல நீளமும் மூன்று அங்குல அகலமும் ஒரு அங்குலக் கனமும் உள்ள சிறு செங்கற்களை மூலைவாக்கில் குத்துக்கல்லாகச் சுண்ணாம்பில் நிறுத்துவார். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டி இறுக்குவார்கள். கடைசியில் தட்டை ஓடு பதிக்கப்படும். கீழே நின்று அண்ணாந்து பார்த்து, செங்கல் வரிசை எந்த மூலையிலிருந்து தொடங்கியது, ஓடிய திசை எது, இரண்டு பக்கத்து வரிசைகள் எங்கே சந்தித்தன என்று வரைந்துகொள்ளுங்கள். தட்டிய பெண்களும் இந்தக் கூட்டில் மூன்றாவது தரப்பு. உங்கள் தாளில் அவர்களுக்கும் ஒரு வரி வேண்டும்.

ஆண்டைக் கண்டறிதல்

நிலைக்கு மேலே ஆண்டு பொறித்திருந்தால் வேலை எளிது, ஆனால் அது எந்த ஆண்டுக்கணக்கு என்று பாருங்கள். 1330 என்று இருந்தால் அது ஹிஜ்ரி என்னும் இஸ்லாமிய ஆண்டு. 1911 டிசம்பர் இறுதியில் தொடங்கிய ஆண்டு. ‘ஆனந்த வருஷம் தை மாதம்’ என்று இருந்தால் அது 1915 ஜனவரியாக இருக்கலாம். தமிழ் ஆண்டுகள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் 1855 அல்லது 1975 ஆகவும் இருக்கலாம். மற்ற தடயங்கள்தான் முடிவு சொல்ல வேண்டும்.

சீமை ஓட்டின் அடிப்பக்கத்தில் தொழிற்சாலையின் பெயர் இருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் என்னும் கிறிஸ்தவ அமைப்பு 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. முதல் உலகப் போருக்குப் பின் அந்த ஆலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்னும் நிறுவனத்துக்குக் கைமாறின. எனவே ஓட்டில் எந்தப் பெயர் இருக்கிறது என்பது போருக்கு முன்னா பின்னா என்பதைக் காட்டும். ஆனால் ஓடு இடம் மாறும் பொருள், ஒரு கூரையிலிருந்து இன்னொரு கூரைக்குப் போகும். பத்து இடத்திலாவது புரட்டிப் பார்த்தபின் எழுதுங்கள். இரும்பு உத்தரத்தில் ‘டார்மன் லாங்’ என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பெயரோ ‘டாட்டா’ என்றோ எழுந்த எழுத்து இருக்கும். டாட்டா ஆலை எஃகு உருக்கத் தொடங்கியது 1912இல்தான். பழைய தண்டவாளத்தை உத்தரமாகப் போட்ட வீடுகளில் அதன் நடுப்பகுதியிலேயே தயாரித்தவர் பெயரும் ஆண்டும் எழுந்திருக்கும்; சுண்ணாம்பைத் துணியால் துடைத்துவிட்டுப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் தெரியும். சுவரில் பதித்த பூ ஓடு ஒன்று கழன்றிருந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள். 1910களிலும் 1920களிலும் ஜப்பானிலிருந்து அவை நிறைய வந்தன. கழலாத ஓட்டைக் கழற்ற வேண்டாம்.

வடிவம் எங்கிருந்து வந்தது என்பதற்குக் கடலைத் தாண்டியும் பார்க்க வேண்டும். 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், ரயிலில் தனுஷ்கோடி வரை சென்று கப்பலில் தலைமன்னார் இறங்கிக் கொழும்பு போவது எளிதானது. கீழக்கரை வணிகர்கள் அதற்கு முன்பே தோணியில் போய்வந்தவர்கள். கொழும்புக் கோட்டையில் எட்வர்ட் ஸ்கின்னர் வடிவமைத்து 1906இல் எழுந்த கார்கில்ஸ் கட்டடத்தின் சிவந்த முகப்பை அவர்கள் பார்த்திருப்பார்கள். அதே ஊரின் புறக்கோட்டையில் 1908-09இல் எழுந்த ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசலை, தென்னிந்திய வணிகர்கள் எடுத்துச் சொன்ன இந்தோ-சாரசெனிக் (இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியப் பாணிகள் கலந்த) வடிவங்களைக் கொண்டு ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை வடிவமைத்தார் என்பர். ஆக வடிவம் இரு பக்கமும் போய்வந்திருக்கிறது. வளைவுக்கு மேலே வண்ணக் கண்ணாடியோ, முகப்பில் செங்கல் வெள்ளைப் பட்டையோ கண்டால் வீட்டாரிடம், “தாத்தா எந்த ஊரில் கடை வைத்திருந்தார்?” என்று கேளுங்கள்.

அளப்பதும் வரைவதும்

அடி அங்குலத்தில் அளந்து, பிறகு வேண்டுமானால் மீட்டருக்கு மாற்றுங்கள். முதலிலேயே மீட்டரில் எழுதினால் கட்டியவர்களின் கணக்கு மறைந்துவிடும். அறையின் உள்ளளவு 8, 10, 11, 16, 17, 20 அடி என்று திரும்பத் திரும்ப வந்தால் மனையடி சாத்திரம் பார்த்து அளவு வைத்தார்கள் என்று பொருள், 3.35 மீட்டர் என்று எழுதிவிட்டால் அது பதினொன்று என்று யாருக்கும் தோன்றாது. ஒவ்வொரு அறைக்கும் நான்கு பக்கத்தோடு இரண்டு மூலைவிட்டத்தையும் எடுங்கள். பழைய அறை எதுவும் சரியான சதுரம் அன்று. ஒரு மூலையில் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல், தூண், கதவு என்று ஒரே ஓட்டமாக அளவு வாசித்துக்கொண்டு போனால் பிழை சேராது. வீட்டின் தரைப்படத்துக்கு ஐம்பதில் ஒரு பங்கு போதும். சுவரும் மரமும் சேரும் இடத்துக்கு மட்டும் ஐந்தில் ஒரு பங்கில் தனிப்படம் வரையுங்கள். நேரம் குறைவாக இருந்தால் தரைப்படத்தை விட்டுவிட்டாவது இதை வரையுங்கள் என்று நான் சொல்வேன்.

இதில் அவசரம் உண்டு. ஒரு வீட்டின் முன்கட்டை அளந்துவிட்டு, பின்கட்டை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஊர் திரும்பினேன். மறுமுறை போனபோது மனை தரையாகக் கிடந்தது. விட்டங்கள் மரக்கடைக்குப் போய்விட்டன. பவளக்கல் பள்ளம் நிரப்பப் போய்விட்டது. அந்த வீட்டின் பின்கட்டு இன்று எந்தத் தாளிலும் இல்லை. அன்றிலிருந்து, போகும் முதல் நாளிலேயே எல்லா அறையின் நான்கு சுவரையும் கூரையையும் படம் எடுத்துவிடுகிறேன். அளவு பிறகு வரலாம்.

கேட்பது, பிரித்து எழுதுவது

பெரியவர்களிடம் “இந்த வீட்டை யார் கட்டினார்கள்?” என்று கேட்டால் வீட்டுக்காரரின் பெயரைத்தான் சொல்வார்கள், அது இயல்பு. “வேலை நடந்தபோது கொத்தனாருக்குச் சாப்பாடு எங்கே போட்டார்கள்?”, “ஆசாரி எந்த ஊரிலிருந்து வந்து எங்கே தங்கினார்?”, “கிரகப்பிரவேசத்தில் யாருக்கு வேட்டி கொடுத்தார்கள்?” என்று கேளுங்கள். வேட்டி வாங்கியவர் பெயர் அத்தைக்கு நினைவிருக்கும். கீழக்கரையில் வயதில் மூத்த பெண்களை லாத்தா என்றும் ஆண்களைக் காக்கா என்றும் அழைத்துப் பேச்சைத் தொடங்குங்கள். வீட்டைப் பற்றி ஆண்களைவிடப் பெண்களே நுணுக்கமாகச் சொல்வார்கள், ஏனெனில் அந்த வீடு அவர்களுடையது.

கிடைத்ததை எழுதும்போது தாளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: கண்டது, கேட்டது, கருதுவது. ‘கார்னிஸ் கோடு வடக்குத் தெரு வீட்டோடு பொருந்துகிறது’ என்பது கண்டது. ‘ஆசாரி தேவிபட்டினத்திலிருந்து வந்தார்’ என்பது கேட்டது. ‘இரண்டு வீட்டையும் ஒரே இணை கட்டியிருக்க வேண்டும்’ என்பது கருதுவது. ஒன்றை இன்னொன்றின் பத்தியில் எழுதவே கூடாது. பெயர் கிடைக்காத கைகளுக்கு எண் கொடுங்கள்: முதல் கார்னிஸ் கோட்டுக்குக் கொ-1, முதல் நிலை விளிம்புக்கு ஆ-1. கொ-1உம் ஆ-1உம் மூன்று வீட்டில் சேர்ந்தே வந்தால், ஓர் இணையைக் கண்டுவிட்டீர்கள். கொ-1 வேறொரு ஆசாரியோடு வரும் வீடும் ஒருநாள் கிடைக்கும். அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அச்சும் இழைப்புளியும் தந்தையிடமிருந்து மகனுக்கும் மருமகனுக்கும் போவதால், ஒரே கோடு ஒரே ஆளைக் காட்டாது, ஒரே பட்டறையைத்தான் காட்டும் என்பதையும் கருதுவது பத்தியில் குறித்து வையுங்கள்.

எழுதி முடித்த தாள்களை வீட்டாரிடம் கொண்டுபோய் உரக்க வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கும்போதுதான் “அது அந்த ஆசாரி இல்லை, அவர் அண்ணன்” என்று உள்கட்டிலிருந்து ஒரு குரல் வரும். திருத்தத்தை வேறு நிற மையில், சொன்னவருக்கும் வீட்டுக்கும் என்ன உறவு என்பதையும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு படியை வீட்டுப் பத்திரங்களோடு அதே பெட்டியில் வைத்துவிட்டு, இன்னொன்றை ஊர் நூலகத்தில் கொடுத்துப் பதிவேட்டில் எண் வாங்கிக்கொள்ளுங்கள்.